டர்பனில் 22 வாகனங்களை மின்சாரத்துக்கு மாற்றுவது: காருக்கு முன் யார்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ப்ராஸ்பெக்டன் தொழிற்பகுதியில் கிடங்கு. மசாலா, பருப்பு, பலகாரம் மொத்த விநியோகம். விற்பனைப் பிரதிநிதிகளுக்கு 12 கார், கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோக 7 வேன், அது போக 3 பக்கி (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி). 12 கார்களில் 8 இரவில் ஓட்டுபவர் வீட்டுக்குப் போய்விடும். மீதி 4 கார்களும் வேன்களும் யார்டில் நிற்கும். கிடங்குக்கு 150 கேவிஏ இணைப்பு (கேவிஏவைத் தோராயமாகக் கிலோவாட் என்றே கொள்ளலாம்). சார்ஜர் விற்க வந்தவர்கள் 22 கிலோவாட் சார்ஜர் 12 வேண்டும், அதற்குப் புதிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று விலை கொடுத்திருக்கிறார்கள். அது தேவையா, எதை முதலில் மாற்றுவது, ஜோகன்னஸ்பர்க் போய்வரும் கார்களை என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள்.

டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. அந்த விலைப்பட்டியல் சார்ஜரின் திறனைக் கூட்டிப் போட்டது: 12 பெருக்கல் 22, 264 கிலோவாட். கூட்ட வேண்டியது அதை அல்ல, ஒரு இரவில் எத்தனை யூனிட் ஏற வேண்டும் என்பதைத்தான். நீங்கள் சொன்ன தூரத்தை வைத்தே பார்ப்போம். கார் நாளுக்கு 110 கிமீ. நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓடினால் 100 கிமீக்கு 17 யூனிட் ஆகும். சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதம் வீணாவதையும் சேர்த்தால் காருக்கு 21 யூனிட். வேன் நாளுக்கு 90 கிமீ, 100 கிமீக்கு 25 யூனிட் என்று வைத்தால், அதே நஷ்டத்தோடு வேனுக்கு 25 யூனிட். யார்டில் தூங்குகிற 7 வேனுக்கும் 4 காருக்கும் மொத்தம் சுமார் 260 யூனிட். இதை இரவு 10 முதல் காலை 6 வரை எட்டு மணி நேரத்தில் ஏற்ற 33 கிலோவாட் போதும். உங்கள் பில்லின்படி பகல் உச்சம் 95 கேவிஏ, இரவில் குளிர் அறை மட்டும் ஓடும்போது 30 கேவிஏ. இரவில் 120 கேவிஏ சும்மா கிடக்கிறது.

இன்னொன்றையும் விற்பனையாளர் சொல்லியிருக்க மாட்டார். ஏசி சார்ஜர் என்பது காருக்கு மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கொடுக்கும் ஒரு சுவிட்ச் மட்டுமே. பேட்டரிக்கு ஏற்றவாறு மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். இங்கே நிறுவனங்கள் அதிகம் பார்க்கும் சீன மின் கார் பிஒய்டி டால்ஃபினின் சிறிய பேட்டரி மாடல் போன்றவை ஒரு ஃபேஸில் 7 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. 22 கிலோவாட் பாயிண்டில் மாட்டினாலும் அதே 7 தான் ஏறும். அதனால் 32 ஆம்பியர், ஒரு ஃபேஸ், 7.4 கிலோவாட் பாயிண்ட் 11 வாங்குங்கள். அவற்றை மூன்று ஃபேஸிலும் 4, 4, 3 என்று பிரித்துப் போடுங்கள். ஒரே ஃபேஸில் ஏழெட்டை மாட்டிவிட்டு நியூட்ரல் சூடாகி மெயின் பிரேக்கர் விழுகிறது என்று புலம்பும் இடங்கள் உண்டு.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். வாகனங்களைக் கண்காணிக்கும் ட்ராக்கர் நிறுவனத்திடம் ஒவ்வொரு வாகனத்தின் 12 மாதத் தினசரி தூரத்தையும் கேட்டு வாங்கி, தீபாவளி வாரத்தைத் தனியே பாருங்கள். அந்த வாரம் வேன்கள் இரண்டு நடை போனால் 180 கிமீ ஆகும், 50 யூனிட். யார்டுக்கு ஒரு இரவில் 434 யூனிட், அதாவது 54 கிலோவாட். அதுவும் 120-க்குள் அடங்கிவிடுகிறது. இடிப்பது வேறு இடத்தில்: 50 யூனிட் பேட்டரி உள்ள வேன், சுமையோடு, ஏசி ஓட, 180 கிமீ போனால் 45 யூனிட் தின்றுவிடும். கையில் எதுவும் மிஞ்சாது. மதியம் இரண்டாம் நடைக்குச் சரக்கு ஏற்றும் அரை மணியில் 7.4 பாயிண்ட் 3 யூனிட்தான் கொடுக்கும். அதற்காக ஏற்றும் மேடை அருகே 30 கிலோவாட் டிசி சார்ஜர் ஒன்றே ஒன்று போடுங்கள். அரை மணியில் 15 யூனிட், 60 கிமீ. பகல் உச்சத்தோடு சேர்ந்தாலும் 130 கேவிஏக்குள் நிற்கும். வேன்களை அரை மணி இடைவெளியில் வரவைத்தால் ஒரு சார்ஜரே ஏழு வேனுக்கும் போதும்.

இணைப்பு போதும் என்றாலும் கட்டுப்பாடு இல்லாமல் விடக்கூடாது. ஓட்டுநர்கள் எல்லோரும் மாலை ஐந்தரைக்கு வந்து ஒரே நேரத்தில் மாட்டுவார்கள். கட்டடம் இன்னும் 95-ல் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் 81 ஏறினால் 176. டிமாண்ட் மீட்டர் அரை மணி நேரச் சராசரியைப் பதிவு செய்கிறது. மாதத்தில் ஒரே ஒரு அரை மணி எகிறினாலும் அந்த மாத டிமாண்ட் கட்டணம் அதன்படிதான். அறிவித்த உச்ச அளவைத் தாண்டினால் அதற்கு மேலும் வரும். தவிர, நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு மாலை நேரமே விலை உச்சம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது கடுமையாக ஏறும். மெயின் போர்டில் சி.டி. கிளாம்ப் (ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) மாட்டி, கட்டடத்தின் சுமையை அளந்து மீதியை மட்டும் சார்ஜர்களுக்குப் பகிரும் ‘டைனமிக் லோட் மேனேஜ்மென்ட்’ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அது கிளவுடில் மட்டும் ஓடக்கூடாது. இன்டர்நெட் போனாலும் யார்டிலுள்ள கன்ட்ரோலரே வேலை செய்ய வேண்டும். சார்ஜர்கள் ஓ.சி.பி.பி. (எந்த நிறுவனத்தின் மென்பொருளோடும் சார்ஜர் பேசும் பொது மொழி) 1.6 அல்லது அதற்குப் பிந்தையதைப் பேச வேண்டும். இல்லையென்றால் அந்த நிறுவனம் கடையை மூடும் நாளில் உங்கள் பெட்டிகளும் ஊமையாகும்.

மின்வெட்டைப் பற்றி. 2023-ல் பட்டதை எல்லோரும் மறந்துவிட்டோம். 2024 மார்ச் இறுதியிலிருந்து நிலைமை வெகுவாக மாறியது உண்மை. ஆனால் லோட் ஷெட்டிங் இல்லாத ஊரிலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் பழுதும் இருக்கின்றன. இரவின் எட்டு மணி நேரத்தில் இரண்டரை மணி மின்சாரம் போனாலும் சாதாரண நாளின் 260 யூனிட் மீதி ஐந்தரை மணியில் 47 கிலோவாட்டில் ஏறிவிடும். அந்த இடைவெளியை வைத்தே திட்டமிடுங்கள். ஜெனரேட்டரில் கார் சார்ஜ் செய்யும் யோசனை வேண்டாம், டீசலை நேராக வண்டியில் ஊற்றுவதை விட லாபம் ஒன்றுமில்லை. மின்சாரம் திரும்பும் அந்த நொடிதான் ஆபத்து: வோல்டேஜ் துள்ளும், எல்லாச் சார்ஜரும் ஒன்றாகக் கிளம்பும். சார்ஜர்களுக்கான துணை மின்பலகையில் (சப்-போர்டு) டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் (வோல்டேஜ் துள்ளலைத் தடுப்பது) போடுங்கள்; ஒவ்வொரு சார்ஜரும் வெவ்வேறு நேரத்தில் கிளம்ப, சார்ஜர் அமைப்பில் ‘ராண்டம் டிலே’யை சில நிமிடங்களுக்கு வையுங்கள்.

இனி ஒயரிங். இங்கேதான் மலிவாக முடிப்பவர்கள் பிறகு அழுகிறார்கள். போர்டிலிருந்து வாகனம் நிற்கும் இடம் 50 மீட்டர் என்று வைப்போம். 32 ஆம்பியரை 6 சதுர மிமீ செம்பில் கொண்டுபோனால் சுமார் 11.7 வோல்ட் விழும். அது 230-ல் 5 சதவீதத்தைத் தாண்டுகிறது, இந்நாட்டு ஒயரிங் தரவிதியான சான்ஸ் 10142 அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே. 10 சதுர மிமீ என்றால் 7 வோல்ட், 3 சதவீதம். பதினோரு தனிக் கேபிள் இழுப்பதை விட, ஒரே தடித்த ஆர்மர்டு கேபிளை வாகனம் நிற்கும் சுவருக்குக் கொண்டுபோய் அங்கே சப்-போர்டு வைப்பது விலையும் குறைவு, பழுது பார்க்கவும் சுலபம். வீட்டு கீசர் சர்க்யூட் அரை மணி ஓடி நிற்கும். இது மணிக்கணக்கில் முழு 32 ஆம்பியரில் நிற்காமல் ஓடும். டர்பன் பிப்ரவரி வெயிலில், மூடிய இரும்புப் பெட்டிக்குள், தெர்மல் வகை 32 ஆம்பியர் பிரேக்கர்களை நெருக்கி அடுக்கினால் ஒன்றையொன்று சூடாக்கிக் காரணமில்லாமல் விழும். 40 ஆம்பியர் பிரேக்கரும் அதற்கேற்ற 10 சதுர மிமீ ஒயரும் போட்டு, இடையில் இடைவெளி விடச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு இரவு, சுமை ஓடும்போதே, தெர்மல் கேமராவில் டெர்மினல்களைப் பார்க்க வேண்டும். தளர்ந்த திருகு அப்போதுதான் தெரியும்.

எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர்) விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். காரிலிருந்து டிசி கசிவு வந்தால் சாதாரண ஏசி வகை எர்த் லீக்கேஜ் மரத்துப்போய், உண்மையான ஷாக் நேரத்தில் விழாமல் போகலாம். ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனியாக 30 மில்லிஆம்பியர்: ஒன்று பி வகை, அல்லது சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் டிசி கண்டறியும் வசதி இருந்தால் ஏ வகை. வேலை முடிந்ததும் பதிவு பெற்ற எலக்ட்ரீசியனிடம் இந்த இணைப்பு விதிப்படி இருக்கிறது என்ற சி.ஓ.சி. சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வையுங்கள். தீ விபத்து இழப்பீடு கேட்கும் நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.

கேபிள் தொங்கும் சார்ஜரா, சாக்கெட் மட்டும் உள்ளதா? வேறு நாட்டில் என்றால் தொங்குவதே வசதி என்பேன். இங்கே செம்பு திருடும் கைகள் ஒரு இரவில் பதினொன்றையும் அறுத்துவிடும். டைப் 2 சாக்கெட் வைத்து, கேபிளை ஒவ்வொரு வாகனத்திலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது இரு முனையும் பூட்டிக்கொள்ளும். முன்னால் சிமென்ட் நிரப்பிய இரும்புக் கம்பம் நட மறக்காதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் இடிக்காத சார்ஜர் கிடங்கில் இல்லை. பெட்டிகளைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்துங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டனில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்குப் போகும் 8 கார்கள் வேறு கதை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் வீடுகளில் பெரும்பாலும் ஒரு ஃபேஸ், 60 ஆம்பியர், அதாவது 13.8 கிலோவாட். கீசர் 3, அடுப்பும் ஓவனும் 6, காருக்கு 7.4 என்று மாலை ஏழு மணிக்குச் சேர்ந்தால் 16.4, மெயின் விழும். வீட்டில் 16 ஆம்பியருக்கு அமைத்து, இரவு 10-க்கு மேல்தான் ஏறும்படி நேரம் வையுங்கள். 3.7 கிலோவாட்டில் எட்டு மணிக்கு 29 யூனிட், கிட்டத்தட்ட 155 கிமீ. 110 ஓடும் காருக்கு அது தாராளம். சுவரிலுள்ள மூன்று வட்டக் கால் பிளக்கில் மாட்டும் சிறு சார்ஜரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 10 ஆம்பியர்தான் என்றாலும், பழைய சாக்கெட் இரவு முழுவதும் தாங்காமல் பழுப்பேறி உருகும். பாட்டி காலத்து எக்ஸ்டென்ஷன் கேபிளை ஜன்னல் வழியே நீட்டுவதை எழுத்திலேயே தடை செய்யுங்கள். யாருடைய பில் என்ற சண்டை வராமலிருக்க, சார்ஜருக்குள் சான்றளித்த மீட்டர் இருக்க வேண்டும். மாதம் எத்தனை யூனிட்டோ அதை நகராட்சி விலையில் திருப்பிக் கொடுங்கள். ப்ரீபெய்டு வீடுகளில் மாத இறுதி வரை காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை, முன்பணம் வையுங்கள். விலை ஒவ்வொரு ஜூலை 1-லும் மாறும் என்பதால் ஒப்பந்தத்தில் ராண்ட் தொகையை எழுதாதீர்கள், ‘அப்போதைய கட்டணம்’ என்று எழுதுங்கள்.

எதை முதலில் மாற்றுவது? பளபளப்பாகத் தெரியட்டும் என்று முதலாளி காரை மாற்றுவார்கள். கணக்குப்படி அதுதான் கடைசி. பெட்ரோல் 22 ராண்ட், 100 கிமீக்கு 7.5 லிட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 1.65 ராண்ட். இரவு மின்சாரம் 2.50 ராண்ட் என்று வைத்தால் நஷ்டம் உட்பட 47 சென்ட். மிச்சம் 1.18 ராண்ட். மின் காருக்கு 1,50,000 ராண்ட் கூடுதலாகக் கொடுத்தால் அது திரும்ப வர 1,27,000 கிமீ ஓட வேண்டும். ஆண்டுக்கு 29,000 ஓடும் பிரதிநிதி காருக்கு நாலரை வருடம். 12,000 ஓடும் மேலாளர் காருக்குப் பத்து வருடத்துக்கு மேல். உங்கள் பில்லில் உள்ள உண்மை எண்களைப் போட்டு வாகனம் வாரியாகச் செய்து பாருங்கள். பொதுச் சார்ஜரில் யூனிட் 7 ராண்ட் கொடுத்தால் மிச்சம் 46 சென்ட்டாகச் சுருங்கும். அதனால் தினமும் யார்டிலோ வீட்டிலோ சார்ஜ் ஏற முடியாத வாகனம், எவ்வளவு ஓடினாலும், இந்தப் பட்டியலில் வராது. என் வரிசை: முதலில் இரண்டு வேன், வீட்டில் சொந்தப் பார்க்கிங் உள்ள இரண்டு பிரதிநிதி கார். ஒரு குளிர்காலமும் ஒரு தீபாவளியும் கடந்த பிறகு மீதி. ஆனால் கேபிளுக்கான பள்ளமும் குழாயும் இப்போதே 11-க்கும் போட்டுவிடுங்கள், கான்கிரீட்டை இரண்டு முறை வெட்டுவது வீண் செலவு.

வரியில் ஒரு பொறி இருக்கிறது. நிறுவனக் காரைச் சொந்த உபயோகத்துக்கும் வைத்திருப்பவருக்கு வரித்துறையான சார்ஸ் மாதம் காரின் மதிப்பில் 3.5 சதவீதத்தை (பராமரிப்புத் திட்டத்தோடு வாங்கியிருந்தால் 3.25) வருமானமாகச் சேர்க்கும். மின் காருக்கு இதில் தள்ளுபடி இல்லை. 4 லட்சம் ராண்ட் காரில் 14,000 சேர்ந்தவருக்கு 5.5 லட்சம் காரில் 19,250. சம்பளம் குறைந்துவிட்டதே என்று முதல் மாதமே வந்து நிற்பார். வேலைக்கு அதிகம் ஓடுகிறது என்பதைக் காட்ட லாக்புக் இருந்தால் ஆண்டு வரிக் கணக்கில் இந்தத் தொகை குறையும், அதை இப்போதே பழக்குங்கள். மதிப்புக் கூட்டு வரியிலும் (வாட்) வித்தியாசம் உண்டு: பயணிகள் காருக்குக் கட்டிய 15 சதவீதத்தைத் திரும்பக் கோர முடியாது, பேனல் வேனுக்கு முடியும். வேனை முதலில் மாற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹில்க்ரெஸ்டில் குடியிருக்கும் பிரதிநிதி இருந்தால் அவருக்கு மட்டும் ஒரு விதி. அங்கிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் வழியாகக் கடல் மட்டத்துக்கு இறங்க 600 மீட்டருக்கு மேல். 1.8 டன் காருக்கு இதில் சுமார் 3 யூனிட் ஆற்றல். ரீஜென் பிரேக்கிங்கில் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்குவது) இரண்டு யூனிட் திரும்பப் பேட்டரிக்கு வரும். இரவில் 100 சதவீதம் ஏற்றியிருந்தால் பேட்டரியில் அதற்கு இடமில்லை. ரீஜென் வேலை செய்யாது. பெடலை விட்டதும் வேகம் குறையும் என்று பழகிய ஓட்டுநர் அந்த இறக்கத்தில் திடுக்கிடுவார். 90-ல் நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு: எல்.எஃப்.பி. பேட்டரி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்; பிஒய்டியின் பிளேடு இந்த வகை) என்றால் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றுவது நல்லது, இல்லையென்றால் சதவீதக் கணக்கு தவறிப்போகும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகைக்குத் தினசரி 80 போதும்.

பராமரிப்பு குறையும், ஆனால் இல்லாமல் போகாது. ரீஜென் இருப்பதால் பிரேக் பேட் தேயாது; கடற்காற்றில் டிஸ்க் துருப்பிடித்து, காலிப்பர் பின்கள் இறுகிவிடும். ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கொருமுறை. எடை அதிகம் என்பதால் டயர் சீக்கிரம் போகும். மாற்றும்போது அதே லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியெண்) உள்ளதா என்று பாருங்கள், மலிவு டயர் போட்டுவிடுவார்கள். பல மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது. மூன்று வாரம் ஓடாமல் நின்ற காரில் செத்துப்போவது பெரிய பேட்டரி அல்ல, 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது செத்தால் கதவும் திறக்காது, சார்ஜும் ஏறாது. பழுதானால் தட்டை லாரியில்தான் ஏற்ற வேண்டும், சக்கரம் தரையில் உருள இழுத்தால் மோட்டார் போகும். பள்ளத்தில் அடிவயிறு இடித்தால் ஓட்டுநர் அன்றே சொல்ல வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் அடிக்கடி நடக்கும் தவறு, மாட்ட மறப்பது. ‘பாதிக்கு மேல் இருக்கிறதே, நாளைக்கு மாட்டலாம்’ என்பார்கள். நின்றால் மாட்டு என்பது மட்டுமே விதியாக இருக்கட்டும், எப்போது ஏற்றுவது என்பதைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். இரவுக் காவலாளியிடம் பட்டியல் கொடுத்து ஒன்பது மணிக்கு ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்வது எந்த ஆப்பையும் விட நன்றாக வேலை செய்கிறது. காவலாளிக்கு அதற்கென்று கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்.

சூரியத் தகடு போடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் வாகனத்துக்காக அல்ல. வெயில் அடிக்கும் நேரத்தில் உங்கள் வேன்கள் வெரூலத்திலும் பைன்டவுனிலும் இருக்கும். அந்த மின்சாரம் குளிர் அறைக்கும் மதிய டிசி சார்ஜருக்கும் உதவும், பகல் உச்சத்தைக் குறைக்கும். அதைத் தனித் திட்டமாகக் கணக்கிடுங்கள்.

பக்கிகளை விட்டுவிடுங்கள். உங்கள் விலைக்கு, நீங்கள் ஏற்றும் சுமைக்கு, முழு மின்சாரப் பக்கி இங்கே இன்னும் ஒழுங்காக இல்லை. பிளக்-இன் ஹைப்ரிட் வந்திருக்கிறது. அதைத் தினமும் மாட்டாமல் ஓட்டினால் கனமான பெட்ரோல் பக்கிதான். இருக்கும் டீசல் ஓய்வுபெறும் வரை ஓடட்டும்.

ஜோகன்னஸ்பர்க். என்3 நெடுஞ்சாலையில் 570 கிமீ, கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் ஏற்றம். 120-ல் ஓட்டினால் 100 கிமீக்கு 20 யூனிட், 114. ஏற்றத்துக்கு மட்டும் எட்டு. மொத்தம் 122 யூனிட். 60 யூனிட் பேட்டரி உள்ள பிஒய்டி அட்டோ 3 கார் நூறு சதவீதத்தில் கிளம்பி பத்தில் நிறுத்தினால் 54 தரும். மீதி 68-க்கு இரண்டு முறை துரித சார்ஜரில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றும் முக்கால் மணி, சார்ஜர் காலியாக இருந்தால். டிசம்பர் விடுமுறையிலும் ஈஸ்டரிலும் வரிசை நிற்கும். திரும்பி வரும்போது இறக்கம் என்பதால் கொஞ்சம் சுலபம். மாதம் இரண்டு தடவைக்கு மேல் போகாத பிரதிநிதிக்காக பெரிய பேட்டரி கார் வாங்குவது பணத்தை நிறுத்தி வைப்பது. அந்த நாட்களுக்கு வாடகைக் கார் எடுங்கள். அல்லது இப்போதிருக்கும் பெட்ரோல் கார்களில் நல்ல நிலையில் உள்ள இரண்டை விற்காமல், பொதுக் காராக யார்டில் வைத்துக்கொள்ளுங்கள்.